சிவப்புக் கோட்டுக்கு மேலே

என் பெரியப்பா திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்காத மனுசன் செய்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் விவசாயக் காடு. தாத்தா காலத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி இருவரும் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வறண்ட கிணறு, பொதுவில் ஒரு பண்ணைக்குட்டை. மழைத்தண்ணீர் அதில்தான் சேரும். குட்டை நடுவில் ஒரு கல்தூண் நட்டு, சரிபாதி ஆழத்தில் பெரியப்பாவே சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு கோடு போட்டார். தை பிறந்ததும் அவர் முதலில் மோட்டார் வைத்து, கோடு வெளியே தெரியும்வரை தன் கிணற்றுக்கு இறைத்துக்கொள்வார். கோட்டுக்குக் கீழே இருப்பது எங்களுக்கு. கோடையை அந்தக் கிணற்றுத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

அவருடைய எலுமிச்சைத் தோப்பு பச்சைப்பசேல் என்று நிற்கும். எங்கள் மல்லிகைச் செடிகள் பங்குனியிலேயே சுருண்டுவிடும். அந்தப் பூவை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்பா தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து தூருக்கு ஊற்றுவார். தோள்பட்டை கன்றிப்போயிருக்கும்.

"அவுக மோட்டாரு நாள் கணக்கா ஓடுது. நம்ம மோட்டாரு போட்ட கையோட காத்து வாங்குது. எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு" என்பாள் அம்மா.

"அடியில சகதி கெடக்குன்னு அண்ணன் சொன்னாருல்ல? கோடு நடுவுலதான இருக்கு? கணக்கு வாத்தியாரு கணக்கு தப்புமா?" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிடுவார்.

நான் பத்தாம் வகுப்பில் கன அளவு படித்த வருசம் அது. உருளை, கூம்பு எல்லாம் முடிந்து இடைக்கண்டம் வந்தது. மேலே அகலம், கீழே குறுகல், வாளி மாதிரி. டீச்சர் கரும்பலகையில் அதை வரைந்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். எனக்குப் பெரியப்பாவின் சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. எங்கள் குட்டையின் கரைகள் நாலு பக்கமும் சரிவு. சாயங்காலம் காட்டுக்கு ஓடி, கயிறு பிடித்து அளந்து, கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல்பாதியில் இருந்தது கீழ்ப்பாதியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அட பாவி மனுசா! வருசா வருசம் பிள்ளைகளுக்கு இதே பாடத்தை நடத்திக்கொண்டே என் அப்பாவைக் குடம் சுமக்க விட்டிருக்கிறாரே!

வீட்டில் மூச்சுவிடவில்லை. கிறிஸ்துமஸ் வரட்டும் என்று காத்திருந்தேன்.

பூசை முடிந்து சொந்தபந்தம் அத்தனையும் பெரியப்பா வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தது. நான் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பெரியப்பா, பரீட்சைக்கு ஒரு சந்தேகம். இந்த வாளியில பாதி ஆழத்துக்கு ஒரு கோடு போட்டா, மேல கூடவா, கீழ கூடவா?"

நாலு பேர் முன்னால் கேட்டால் அவருக்கு மனசு குளிர்ந்துபோகும். "இதுகூடத் தெரியலையா? மேலதான் கூட. வாய் அகலமில்ல? இது இடைக்கண்டம், ஆத்தா!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார்.

"அப்ப நம்ம குட்டையிலயும் அப்படித்தான?"

சோற்றில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. அப்பா மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணே, இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

பெரியப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். அப்பாவின் அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரிப்பா, கோட்ட மேல ஏத்திப் போட்ருவோம். சரிசமமா வந்துரும்."

"வேணாம் பெரியப்பா. கோடு நீங்க போட்ட எடத்துலயே இருக்கட்டும். இனிமே மொதல்ல நாங்க எறைக்கோம். கோட்டுக்குக் கீழ உள்ளது உங்களுக்கு" என்றேன்.

நியாயம் என்றால் கோட்டை ஏற்றியிருக்க வேண்டும். எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. அப்பா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "புள்ள சொல்றபடியே செய்வோம்" என்று இலையை மூடிவிட்டு எழுந்தார்.

அந்தச் சித்திரையில் பெரியப்பாவின் எலுமிச்சை பிஞ்சோடு உதிர்ந்தது. ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"ஏத்தா, ஒங்க கெணத்துலருந்து செத்த நேரம் தண்ணி விடச் சொல்லு. மரம் காயுது."

"கோடு நடுவுலதான பெரியப்பா இருக்கு?"

திரும்பிப் போனார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன், வரவேயில்லை.

அன்று எங்கள் மல்லிகை கொத்துக் கொத்தாய்ப் பூத்திருந்தது. முதல் சரத்தை மாதா கோயிலுக்குக் கொண்டுபோகச் சொல்லி அம்மா கட்டிக்கொடுத்தாள். நான் அதைத் தலை நிறைய வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் வேலியோரமாகவே போனேன். அவர் பார்க்காததுபோல் இருந்ததால் திரும்பவும் ஒருமுறை அதே வேலியோரமாக நடந்தேன்.