அடிபட்ட காரும் பிராங்கிளின் போட்டோவும்

ராயபுரம் பிராங்கிளினை விட்டுவிட்டு அவர் வீட்டில் எதையும் போட்டோ எடுத்துவிட முடியாது. ஃப்ரிட்ஜ் வாங்கினாலும் சரி, வாஷிங் மெஷின் வாங்கினாலும் சரி, அதன்மேல் ஒரு கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

எண்ணூர் சாலையோரம் நிறுத்தியிருந்த அவர் காரை ஒரு கன்டெய்னர் லாரி வந்து அப்பளமாக நொறுக்கியது. நல்லவேளை, அவர் டீக்கடையில் இருந்தார். இன்சூரன்ஸ் சர்வேயர் போட்டோ அனுப்பச் சொன்னார். பிராங்கிளின் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாசும் மாட்டிக்கொண்டு காரோடு நிற்க, மனைவி ஹெப்சிபா எடுத்து அனுப்பினாள்.

உடனே சர்வேயர் போன் செய்தார். "சார், அடிபட்ட இடமே தெரியல. எல்லாத்துலயும் நீங்க மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"நான் இல்லாம எடுத்தா யாரு வண்டின்னு எப்டி சார் தெரியும்?"

"நம்பர் பிளேட் எதுக்கு இருக்கு?"

"அது நசுங்கிப் போச்சு சார். நான் நசுங்கலையே."

சர்வேயர் நேரிலேயே வந்துவிட்டார். பிராங்கிளினைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் போனையே கையில் எடுத்தார். பிராங்கிளின் சட்டையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் ரிப்போர்ட் வந்தது.

"இன்னா எழுதிகீறாங்க? டோட்டல் லாஸா?" என்று ஹெப்சிபா பதறினாள்.

அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. அதிலிருந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் உடையாமல் தப்பியது பின்கண்ணாடி ஒன்றுதான். அதில், சர்வேயரின் தோளுக்கு மேலே, கூலிங் கிளாசோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி போனா போவுது. போட்டோ சூப்பரா வந்துகீது," என்றார்.