அம்மாவை நர்ஸாக்கிய படம்

எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு முதல் கம்பியூட்டர் வந்தபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். பிள்ளைகள் இங்கிலீசை எழுதுகிறார்கள், வாய் திறந்து பேசுவதில்லை என்பது யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த டீச்சரின் கவலை. அதற்கு அவர் ஒரு வழி கண்டார். வீட்டுப் போட்டோக்களைக் கம்பியூட்டரில் ஏற்றி, அவற்றுக்கு எங்கள் குரலிலேயே இங்கிலீசில் பேச வேண்டும். படமும் குரலும் சேர்ந்து ஓடும்.

எனக்கு முன்னால் பேசியவள் தோட்டத்துக் கிளாக்கரின் மகள். அவள் அம்மா ஆசிரியை. என் அம்மா கொழுந்து பறிப்பவர் என்றுதான் நானும் மனப்பாடம் செய்திருந்தேன். மைக்கைப் பார்த்ததும் நாக்கு மாறிவிட்டது. “மை மதர் இஸ் எ நர்ஸ்” என்றேன். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையில் அம்மா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கு அப்போதுதான் வந்திருந்த டீச்சருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது. உச்சரிப்பு சரியில்லை என்று அந்தப் பொய்யை மூன்று தடவை சொல்ல வைத்தார்.

வெள்ளிக்கிழமை பெற்றோருக்குப் போட்டுக் காட்டப்போவதாக அவர் அறிவித்தார்.

“யாரும் வரமாட்டாங்களாம், அம்மா” என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

“மத்தவங்க வராட்டி என்னா? நான் வாறேன்” என்றார்.

மலையிலிருந்து நேரே வந்தார். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை வாசலிலேயே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு இங்கிலீசு தெரியாது என்பது மட்டுமே என் தைரியம். யாராவது மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டால்? என் குரல் ஒலித்தது. கிளாக்கரின் மகள் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் அம்மாவின் கறைபடிந்த விரல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

படம் முடிந்ததும் அவர் எங்களிடம் வந்தார். “மகள் சொன்னது உங்களுக்கு விளங்கினதே?”

அம்மா சிரித்தார். “நமக்கு எங்கங்க டீச்சர் இங்கிலீசு புரியப்போகுது? ஆனா புள்ள திக்காம பேசுதுங்க.”

டீச்சர் வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று எங்கள் லயத்து வீடு வரை ஓடினேன்.

பல வருடங்கள் கழித்து, எல்ல டவுனில் நானும் அம்மாவும் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் ஸ்டேஷனுக்கு வழி கேட்டாள். நான் வார்த்தை தேடுவதற்குள் அம்மா இங்கிலீசில் நிதானமாக வழி சொல்லி அனுப்பினார்.

கல்யாணத்துக்கு முன் அம்மா கொழும்பில் ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டில் ஆறு வருடம் பிள்ளை பார்த்தவர். அது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அந்தப் பிள்ளையோடு அவர் என்ன மொழியில் பேசியிருப்பார் என்று மட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.