இடது கால் செருப்பு

இதைக் கட்டுக்கதை என்பவர்களிடம் நான் இனி வாதாடப் போவதில்லை. நடந்தது எனக்கு. டிசம்பர் ஒன்பது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில், ரோமானியர் எழுப்பிய எல்லைச் சுவரை ஒட்டிய அகழாய்வுக் கூடம்.

மூன்று மீட்டர் ஆழத்துக் களிமண்ணில் ஒரு ரோமானியப் படைவீரனின் இடது செருப்பு கிடைத்திருந்தது. தடித்த தோல், அடியில் இரும்பு ஆணிகள். ஆயிரத்து எண்ணூறு வருடம் ஈரத்தில் கிடந்த தோலைக் காயவிடவே கூடாது. காய்ந்தால் வெடித்துவிடும். அதைத் தொட்டித் தண்ணீரில் வைத்துக் காப்பது என் வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் தொட்டி காலி. செருப்பு ஹீட்டர் மேல் இருந்தது. குறுக்கே விரிசல்.

"நாளைக்கு டிவிக்காரங்க வர்றாங்க, ராப்சன். சொட்டச் சொட்டவா காட்டறது?" என்றார் இயக்குநர் ஹெட்லி.

"குளிச்சிட்டு வந்தா நீங்களும் ஹீட்டர் மேலதான் உக்காருவீங்களா?"

"வாயை அடக்கும்மா. தொட்டி உன் பொறுப்பு. அறிக்கையும் உன் பேர்லதான் போகும்."

நீல மையில் எழுதியே காட்டினார்: 'ஐசபெல் ராப்சனின் கவனக்குறைவு.' பதினோரு வருட உழைப்பு, ஒரே வரியில் தீர்ந்தது. செருப்பைத் திரும்பத் தண்ணீரில் வைத்தேன்.

மணி 3.47. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

நடைக்கூடத்தில் சத்தம்.

டக்... சளப்... டக்... சளப்...

ஒரு காலில் ஆணிச் செருப்பு. மறு காலில் ஒன்றுமில்லை.

ஹெட்லி போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். கூடத்தில் எங்களைத் தவிர ஆளில்லை.

என் கதவருகே நின்றது. சேற்று வாடை... பிறகு நகர்ந்தது. ஹெட்லியின் அறைக்கு.

"யாருய்யா அது? கதவைத் தட்டிட்டு..."

டக்!

ஓடினேன். 3.51. ஹெட்லி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். மேசையில் அறிக்கை. அதன் மேல் ஈரமான வலது காலின் தடம். ஆணி ஆணியாக. ஓங்கி மிதித்த மிதியில் மேசைப் பலகையே குழிந்திருந்தது.

என் பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.

பிய்ந்த துண்டைத் தரையெல்லாம் தேடினேன். இல்லை.

என்ன பார்த்தார் என்று ஹெட்லி இன்றுவரை சொல்லவில்லை. அந்த அறிக்கையை மறுபடி எழுதவும் இல்லை.

அடுத்த ஜூலையில் அதே பள்ளத்தில், ரோமானியர் போனபின் யாருமே தொடாத களிமண்ணுக்கு அடியில், வலது செருப்பு கிடைத்தது. நான்தான் கழுவினேன்.

ஆணிகளுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டு.

நீல மை.

என் பெயர்.