மாப்பிள்ளையின் பாலிஷ் மெஷின்

போன செவ்வாய்க்கிழமை என் தங்கை கணவரை ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். அதிலிருந்து பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. ஆனால் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்திக்கு ஏது லீவு? எழுதித் தீர்த்துவிடுகிறேன்.

மாப்பிள்ளை ஆரோக்கியம் வளைகுடா நாட்டில் ஒரு துப்புரவு கம்பெனியில் வேலை பார்த்தவர். இந்தக் கோடையில், 'இனிமேல் போகமாட்டேன்' என்ற முடிவோடு திருச்சி காட்டூருக்கு வந்து சேர்ந்தார். காரணம்? போன லீவில் அவருடைய மகளே அவரைக் காட்டி, "அம்மா, இந்த மாமா எப்போ ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அவருக்குப் பின்னாலேயே கப்பலில் ஒரு பெரிய மரப்பெட்டி வந்தது. தெருவே கூடி நின்றது. கலர் டி.வி. என்றார்கள். திறந்தால்... தரை பாலிஷ் போடும் மெஷின்! கீழே வட்டமான தேய்ப்புத் தட்டு. மேலே ஸ்கூட்டருக்கு இருப்பது போல ஓர் இன்ஜின். முதுகில் காஸ் சிலிண்டர் வைக்க இடம். கம்பெனியில் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி, தானே பிரித்து மாட்டி ஓடவைத்தாராம்.

"கரண்டே வேணாம் மச்சான். காஸ்லயே ஓடும். அங்க நான் தேய்ச்ச தரையில குனிஞ்சு பார்த்துத் தலை சீவிக்கலாம்."

மின்வெட்டு இல்லாத நாள் திருச்சியில் உண்டா? கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, சினிமா தியேட்டர் – ஊரில் தரைக்கா பஞ்சம்? எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. தங்கை ஸ்டெல்லாவைக் கேட்கவே வேண்டாம். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

முதல் கோளாறு, காஸ். சீமைச் சிலிண்டர் இங்கே ஏது? நம் சமையல் சிலிண்டரின் வாய் அந்த மெஷினுக்குப் பொருந்தவில்லை. பொன்மலை ரயில்வே பட்டறையில் இருக்கும் ஒரு நண்பர் பித்தளையில் ஓர் இணைப்பு கடைந்து கொடுத்தார். வீட்டில் இருந்த ஒரே சிலிண்டரைத் தூக்கினேன்.

"அடுப்புக்கு இல்லாம தரைக்குச் சமைக்கப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. மண்ணெண்ணெய் ஸ்டவ்வைத் துடைத்து வைத்தாள்.

அடுத்து, இன்ஜின் கிளம்பவில்லை. ஆரோக்கியம் ப்ளக்கைக் கழற்றிச் சுரண்டினார். ஃபில்டரைத் தட்டினார். ட்யூபில் சோப்பு நுரையைத் தடவிக் கசிவு பார்த்தார். ஒரு மத்தியானம் பட்டென்று பிடித்துக்கொண்டு உறுமியது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் வேலை ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபம். ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் ஹாலின் மொசைக் தரை பளபளக்க வேண்டும். நானும் கூடப் போனேன். ஸ்டெல்லா பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச தூரம் ஓடிய மெஷின் இருமியது. பார்த்தால் ரெகுலேட்டர் மேல் வெள்ளை வெளேரென்று பனி! ஆடி மாதத்து ஸ்ரீரங்கத்தில் பனி!

"சிலிண்டரைப் படுக்க வெச்சுட்டோம் மச்சான். காஸ் தண்ணியாவே இன்ஜினுக்குப் போகுது."

நிமிர்த்திக் கயிற்றால் கட்டினோம். ஓடியது. ஆனால் போன இடமெல்லாம் கறுப்பு வட்டம்! தட்டை மாற்றினார். வேகத்தைக் குறைத்தார். தண்ணீர் தெளித்தார். வட்டம் பெரிதாயிற்று. வெளியே ஆடிக் காற்று ஆற்று மணலை வாரி உள்ளே கொட்டியது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

இன்ஜின் விடுகிற புகை எங்கே போகும்? மூன்று பேரில் ஒருவருக்காவது அது தோன்றியதா?

எனக்குத் தலை கனத்தது. பசி என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லா தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தலை வலிக்குதுண்ணே..." என்றாள். அப்படியே சரிந்தாள்.

நான் போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்த மண்டப மேனேஜர் ஐயங்கார்தான் கதவுகளை உதைத்துத் திறந்தார். "பொண்ணை வெளில தூக்கிண்டு வாங்கோ!"

தரையைக் காட்டி ஆரோக்கியம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தரை கெடக்கட்டும் சார், ஜமக்காளத்தை விரிச்சுப்பேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கோ!"

சாயங்காலம்தான் ஸ்டெல்லா சரியாகக் கண் திறந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஆரோக்கியம் வராந்தாவில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல மச்சான். அங்க வேற ஆளுங்க வந்து பால் மாதிரி ஒண்ணைத் தரையில ஊத்திக் காயவெச்சுட்டுப் போவாங்க. அதுமேல நான் மெஷினை ஓட்டுவேன். இத்தனை வருஷமா நான் பளபளன்னு ஆக்கினது அந்தப் பூச்சைத்தான். இங்க வெறும் தரை. வெறும் தரையில மெஷின் என்ன செய்யும்?"



அந்தப் பாலைத் தேடி பெரிய கடைவீதி, காந்தி மார்க்கெட் எல்லாம் அலைந்தார். கடைக்காரர்கள் சிவப்பு மெழுகு டப்பாவை நீட்டினார்கள். எங்கள் ஹாலில் தடவி ஓட்டிப் பார்த்தோம். மெழுகு தரையை விட்டுச் சுவரில் போய் அப்பிக்கொண்டது. மெஷினை வாங்கிக்கொள்ளவும் ஆளில்லை. காஸ் தரை மெஷினா என்று வந்து பார்த்தார்கள். காபி குடித்தார்கள். போனார்கள்.

"மண்டியில மூட்டைக்கு எண் போட்டாலும் போதும், இங்கயே இருங்க" என்று ஸ்டெல்லா கெஞ்சினாள். மண்டியிலும் கேட்டார். பஸ் கம்பெனியிலும் கேட்டார். "என்ன வேலை தெரியும்?" என்றார்கள். தரை தேய்ப்பேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பழைய கம்பெனியில் அவர் இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

ஆக, போன செவ்வாய்க்கிழமை பிளாட்பாரத்தில் நின்றோம். ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன்: "அங்க இப்ப என்ன வேலை கொடுப்பாங்க மாப்ள?"

"அதேதான் மச்சான். இதே மாதிரி மெஷின்" என்றார். "அங்க நல்லா ஓடும்."

ஸ்டெல்லா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

என்றைக்கும் இல்லாமல், அன்றைக்குப் பார்த்து ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.