இடது தோளும் ரைபிளின் உதையும்

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேட்டரியை எனக்குப் பொருத்துவதற்கு முன் டாக்டரம்மா கேட்டார்: "அங்கிள், உங்களுக்கு எந்தக் கைப் பழக்கம்?"

"சோத்துக் கைதான் டாக்டர்" என்றேன். பிறவியில் நான் இடக்கைக்காரன். இடது கையால் சோற்றைத் தொட்டால் அம்மா புறங்கையில் ஒன்று போடுவார். எழுத்தும் அப்படியே வலதுக்கு வந்துவிட்டது. சுடும் கிளப்பில் ரைபிளை எடுத்தால் மட்டும் அது தானாக இடது தோளுக்குப் போகும். அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. மயக்கம் தெளிந்து பார்த்தால் இடது தோளுக்குக் கீழே கட்டு. அதிகம் புழங்காத கைப் பக்கம்தான் அதை வைப்பார்களாம்.

"பெரிய துப்பாக்கி இனி வேணாம் அங்கிள். உதைச்சா உள்ள இருக்கிற வயர் கெட்டுரும்" என்றார் டாக்டரம்மா, கிளப் விஷயத்தை அப்போதுதான் என்னிடம் கேட்டு.

வலது தோளில் வைத்துச் சுடலாம்தான். ஆனால் அந்தப் பக்கக் கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஆகவே உதை குறைந்த ரைபிளைத் தேட ஆரம்பித்தேன். கூட்டாளி என் மச்சினன், பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து கிளப்புக்கு வருபவன்.

"லேசானதா எடுங்களேன்" என்றாள் மனைவி. எல்லாரும் செய்யும் தப்பு அது. ஒரே தோட்டாவை லேசான ரைபிளில் போட்டால் பளாரென்று அறையும். கனத்த ரைபிளோ மெதுவாகத் தள்ளும். குண்டின் எடையும் வெடிமருந்தும் ஏற ஏற உதையும் ஏறும். தோளில் பதியும் கட்டை நேராக இருந்தால் அடி தோளோடு போகும், வளைந்திருந்தால் கன்னத்துக்கும் வரும். குழல் முனையில் துளை வைத்தால் புகை பக்கவாட்டில் பிரிந்து உதை குறையும். பக்கத்தில் நிற்பவன் காதுதான் பாவம்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி அலசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். நல்ல கனம், முனையில் துளை, தோள் படும் இடத்தில் தடித்த ரப்பர், குறைந்த வெடிமருந்து. எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"குறையும் அங்கிள். இல்லாமப் போகாதுல்ல? முன்னாடியே சொல்லியிருந்தா வலது பக்கம் வெச்சிருப்பேனே."

வீட்டுக்கு வந்ததும் அந்த ரைபிளை மச்சினனையே வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

போன ஞாயிறு அந்த ரைபிளை மச்சினன் சுட்டான். அவன் தோள் லேசாகத்தான் அசைந்தது. எப்போதும் முதலில் சுட்டுப் பார்ப்பவன் நான்தான்; அந்தப் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, "உதை எப்படி மாமா?" என்று கேட்டுவிட்டான். கேட்டதும் அவன் முகம் விழுந்தது.

"நல்லா இருக்குலா" என்றேன், அதை ஒருமுறைகூடத் தோளில் தாங்காத நான்.