அம்மன் ஏறிய படகு

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் காலனி ஒன்றில், முனிரத்தினத்தின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பழைய ஃபைபர் படகு கோடை முழுக்கக் கிடந்தது. கடலூரில் கழித்துப்போட்டதை வாங்கி வந்திருந்தான். விரிசல்களைத் தேய்த்து, கண்ணாடி நாரை ஒட்டி, ரெசின் பூசினான். நார்த்தூள் பட்டு உடம்பெல்லாம் அரித்தது.

"மீன் புடிக்கிறதுக்குள்ள நீயே செதில் செதிலா உரிஞ்சிடுவ போலக்கீது" என்று மனைவி தனம் கேலி செய்தாள். ஏரியில் அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்கும் பிழைப்பு இதோடு ஒழியும் என்று அவன் நம்பினான்.

படகு தயாரானதும் ஊர்த் தர்மகர்த்தா நாலு பேரோடு வந்தார். "தெப்பம் உளுத்துப்போச்சுடா முனி. ஒருநாள் குடு, அம்மன் ஏரியச் சுத்தி வரட்டும்."

தங்கள் தெருவில் அவனைச் செருப்போடு நடக்கவிடாதவர்கள் வாசலில் நின்று கேட்கிறார்கள்! பூரித்துப்போய்க் கொடுத்தான்.

தெப்பத் திருவிழா முடிந்த மறுநாள் எடுக்கப் போனபோது படகுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தார்கள்.

"அம்மன் உக்காந்த எடத்துல மீன் கவிச்சியா? நீ காலு வைக்கிறதா?" என்றார் தர்மகர்த்தா.

"நான் செஞ்ச படகுங்க."

"அதான் ஒனக்குப் புண்ணியம் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் கை படாத இடம் அதில் ஒரு விரற்கடைகூட இல்லை. அம்மனை ஏற்றியபோது மட்டும் அந்தத் தீட்டு எங்கே போயிருந்ததோ!

படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பினாள். "தள்ளி நில்லுப்பா, ஒன் நிழல் விழுது."

அவன் தள்ளி நின்றான்.