சாட்சிக்கு ஒரு பேசின்

மலைச்சரிவில் இருக்கும் மஹய்யாவையில் கல்யாணமோ காதுகுத்தோ, சட்டைப்பையில் மொய்க் கவர் இல்லாமல் காளிமுத்து வாசல் தாண்டமாட்டார். கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியபோதும் இந்தப் பழக்கம் கூடவே போனது. ஒருமுறை கனடாவின் மேற்குக் கரையில் கப்பல் பழுதாகி நின்றது. அங்கே பழக்கமான வேன் சாரதி, சிம்ஷியன் என்ற பூர்வகுடியைச் சேர்ந்தவர், தன் தாய்மாமனின் பெயரைத் தான் ஏற்கும் விருந்துக்கு இவரைக் கூட்டிப்போனார். மனுஷன் அங்கேயும் கவரை நீட்டினார். மண்டபமே சிரித்தது.

அங்கே விருந்து வைப்பவர்தான் கொடுக்க வேண்டுமாம். தாய்வழியில் வரும் பெயரையும் உரிமையையும் சபையில் சொல்லி, வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டுப் பொருளும் கொடுப்பார்கள். வாங்கியவர் சாட்சி. பிறகு யாராவது மறுத்தால் எழுந்து பேசுவது அவர் கடமை. அவர்களின் சட்டமே அப்படித்தான் நிற்கிறது. காளிமுத்து தன் பங்குக்குக் கிடைத்த ஒரு துவாய்த் துண்டோடு கப்பலுக்குத் திரும்பினார். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அந்தச் சாரதியின் புதுப் பெயரை இன்றும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

கப்பல் வேலையை விட்டு அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது அக்கா அங்கம்மா முழங்கால் வலியால் வீட்டோடு முடங்கிக் கிடந்தாள். ரோட்டுக்கு ஏறும் படிக்கட்டு அப்படிச் செங்குத்து. முன்வீட்டு ரஸீன் மனமிரங்கித் தன் வீட்டு வளவோரம் சரிவாக ஒரு பாதை விட்டார். அங்கம்மா அதில் மெல்ல ஏறி, ரோட்டோரம் வடை சுட்டு விற்கத் தொடங்கினாள். பழைய வாய்த்துடுக்கும் திரும்பிவிட்டது.

"ரஸீன் நானா, இத நாலு பேரு முன்னால சொல்லிடுங்க," என்றார் காளிமுத்து.

"நான் சொன்னாச் சொன்னதுதானே?"

"ஒங்களுக்குப் பொறகு வர்றவங்களுக்கும் தெரியணுமில்ல?"

காளிமுத்து வீட்டில் கோழிக்கறியோடு விருந்து நடந்தது. ரஸீன் எழுந்து பாதையைப் பற்றிச் சொன்னார். காளிமுத்து ஒருவரிடமும் மொய் வாங்கவில்லை. ஆளுக்கொரு நீலப் பிளாஸ்டிக் பேசின் கொடுத்தார்.

"என்ன மாமா, எலக்சன்ல நிக்கப் போறீங்களா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுத் தர்ஷிகா.

"நீதான் நிக்கணும். யாராச்சும் பாதைய மறிச்சா வந்து நில்லு."

காலம் போனது. ரஸீன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கெலிஓயாவுக்குப் போனார். வாங்கியவர் யாழ்ப்பாணத்து மயில்வாகனம் மாஸ்டர். வந்த கையோடு மதில் கட்டப் பாதையில் நூல் பிடித்தார். அன்று அங்கம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. காளிமுத்து மாஸ்டரிடம் போய்க் கேட்டார்.

"உறுதிப் பத்திரத்தில பாதை இல்லையே, ஐயா. எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல," என்றார் மாஸ்டர். அவர் மேல் பிழையில்லை.

பின்னேரம் தர்ஷிகா பேசினோடு வந்து நூலருகே நின்றாள். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவருடையதில் சிமெந்து காய்ந்திருந்தது, இன்னொருவருடையதில் நனைத்த உடுப்பு. கடைசியாகச் சேதி கேட்டுக் கெலிஓயாவிலிருந்து ரஸீனே பேசினும் கையுமாக வந்து இறங்கினார்.

"விக்கிற அவசரத்துல சொல்ல மறந்துட்டேன் மாஸ்டர். பாத அங்கம்மாவுக்குக் குடுத்தது. இவங்க எல்லாம் சாட்சி."

மாஸ்டர் பேசின்களைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து நூலைச் சுற்றத் தொடங்கினார். "அப்ப எனக்கும் ஒரு பேசின் தாங்கோவன்!"

"தரமாட்டேன் சார்," என்றார் காளிமுத்து. "வீட்டோட சேத்து ரஸீன் நானா குடுத்த சொல்லும் ஒங்க கைக்கு வந்துருச்சு. இனி சபையில சொல்லி, சாப்பாடு போட்டு, நீங்கதான் குடுக்கணும்."

"ஓம், குடுக்கிறன்," என்று சிரித்துவிட்டார் மாஸ்டர்.

அந்த விருந்துக்கு அங்கம்மா அந்தப் பாதையிலேயே, ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறி வந்தாள். மாஸ்டர் எல்லார் முன்னாலும் பாதை அவளுடையது என்றார். அவள் கண்கலங்கினாள். பிறகு ஆளுக்கொரு கூடை கொடுத்தார். காளிமுத்து கூடையை வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில் சட்டைப்பையிலிருந்து கவரை எடுத்தார்.

"உள்ள வைடா!" என்று அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினாள் அங்கம்மா. "என் பாதையக் கெடுத்துறாத!"